பூச்சியத்தார் விற்ற அடிமட்டம்

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் வீடு வீடாகத் தட்டிப் பார்த்தாலும், ஒரு மில்லிமீற்றர்கூடப் பொய் சொல்லாத மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அந்த ஒருவரும் எங்கள் ஒழுங்கையில்தான் கடை வைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். உயரட்டும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்த் தயிரையும் இறாலையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், நாங்கள் பொறுமையாகக் கேட்கிறோம் அல்லவா? எங்களிடம் பூச்சியத்தார் இருக்கிறார். அவர்கள் கொஞ்சம் கேட்கட்டும்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைப் பார்த்தவர் கிராம சேவகர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். பெரியகல்லாற்றுக்குக் கிட்ட, பிரதான வீதியிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் ஒழுங்கையின் முகப்பில் அவருடைய கொப்பி, பேனைக் கடை. (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.) ஒரு பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் என்னுடைய கொமினிகேசன். ஃபோனுக்கு ரீலோட் போடுவேன், போட்டோக் கொப்பி எடுப்பேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று மட்டக்களப்பு டவுனுக்குக் குடிபெயரும் வரை ஆறு வருடம் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆறு வருடமும் அந்தத் தட்டிக்கு மேலால் ஒரே ஒரு கேள்விதான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பூச்சியம் எங்க?"

அடிமட்டம் வாங்க வருகிற எல்லாரிடமும் அதைக் கேட்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடு போட வாங்குகிற முப்பது சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் அடிமட்டம்தான். அதை ஆணியிலிருந்து கழற்றுவார், வாங்க வந்தவர் முன்னால் மேசையில் வைப்பார், கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். வந்தவர் அடிமட்டத்தின் நுனியைத் தொட்டுக் காட்டுவார். தொட்டவுடன் அடிமட்டம் திரும்ப ஆணிக்குப் போய்விடும்.

"அது ஓரம். ஓரம் வேற, பூச்சியம் வேற. வடிவாப் பாருங்க, ஓரத்தில இருந்து அஞ்சு மில்லிமீற்றர் உள்ளுக்குத்தான் முதல் கோடு இரிக்கி. பிளாஸ்ரிக் நுனி தேயும், உடையும். அதுக்காகத்தான் கோட்டை உள்ளுக்குப் போட்டிருக்கான். நீங்க ஓரத்தில வச்சு அளந்தா அஞ்சு மில்லிமீற்றர் களவு போகும்."

இதோடு விட்டால் பரவாயில்லை. பூச்சியத்தைச் சரியாகக் காட்டியவருக்கு இரண்டாவது கேள்வி இருந்தது. "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில எத்தினை சின்னக் கோடு?" ஊரில் படித்தவர்கள் முழுப்பேரும் விழுந்த குழி இது. எல்லாரும் பத்து என்பார்கள். பத்து இல்லை, ஒன்பது. பத்து என்பது இடைவெளி. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர், பேரப்பிள்ளைக்கு அடிமட்டம் வாங்க வந்து, "பத்து" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போனார். அடுத்த நாள் விடியவே வந்து, கடை திறக்கும் முன் கதவைத் தட்டி, "ஒன்பது! ஒன்பது!" என்று கத்தினார். நான் பல்துலக்கிக்கொண்டு நின்றேன். யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து ஓடினேன்.

கேள்வி இரண்டுக்கும் விடை சொன்னால்தான் அடிமட்டம். அதைக் கொடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, பூச்சியக் கோட்டின் அடியில் ஒரு பொட்டு வைப்பார். அந்தச் சிவப்புப் பொட்டு எங்கள் ஊரில் ஒரு சான்றிதழ். எங்கள் வீட்டு அடிமட்டத்தில் பொட்டு இருக்கிறது, உங்கள் வீட்டு அடிமட்டத்தில் இருக்கிறதா என்று பெண்கள் கிணற்றடியில் கதைத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

கடைக்கு மேலே நீலப் பெயின்றில் ஒரு பலகை. "இங்கு இருபத்தாறு வருடமாகச் சோதிக்காமல் ஒரு அடிமட்டமும் விற்றதில்லை." புதிதாக வருகிறவர்கள் சோதிக்கப்படுவது அடிமட்டம் என்று நினைத்து உள்ளே போவார்கள். பிறகுதான் தெரியும், தாங்களும்தான் என்று.

அடிமட்டத்தையும் சும்மா விடமாட்டார். மொத்தக் கடையிலிருந்து கட்டு வந்ததும் இரும்புப் பெட்டியைத் திறப்பார். உள்ளே கைலேஞ்சித் துணியில் சுற்றி ஒரு உருக்கு அடிமட்டம். அதற்குப் பெயர் மூத்தவர். மூத்தவரோடு வைத்துப் பார்த்து, முப்பது சென்ரிமீற்றருக்குள் ஒரு தலைமயிர் அளவு விலகினாலும் அந்தப் பிளாஸ்ரிக்கைத் தூக்கிப் போடுவார். தூக்கிப் போட்டதை எல்லாம் அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வளவில் மிளகாய்க் கன்றுக்கு முண்டு கொடுத்தார். ஊரிலேயே சென்ரிமீற்றர் போட்ட மிளகாய்த் தோட்டம் அது ஒன்றுதான்.

"என்னைப் பொம்புள பாக்க வரக்குள்ளயும் இந்த மனிசன் சட்டைப் பையில அடிமட்டத்தோடதான் வந்தவர், மனே," என்று மாமி ஒருநாள் என்னிடம் சொன்னார். "எல்லாரும் பலகாரம் தின்னுறாங்க. இவரு பலகாரத்தை அளக்கிறாரு."

"முறுக்கு ஏழு தசம் ரெண்டு," என்றார் பூச்சியத்தார் கடைக்குள்ளிருந்து. முப்பது வருடத்துக்கு முந்திய முறுக்கு.

சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் இவருக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. பூச்சியத்தார் தினமும் பத்து மணிக்கு அங்கே ஒரு மீன் றோல்ஸ் எடுப்பார், அளப்பார், பிறகுதான் கடிப்பார். ஒரு கிழமை பொறுமையாக இருந்துவிட்டு எட்டாவது நாள் வாயைத் திறந்தார். "செவ்வாய்க்கிழமை பதினொண்டு தசம் மூணு. இண்டைக்குப் பத்து தசம் ஆறு. என்ன நடந்த?" கடைக்காரர் அகப்பையைத் தூக்கினார். ஆனால் அடுத்த கிழமை கடைக் கண்ணாடியில் ஒரு மட்டை தொங்கியது: "எங்கள் றோல்ஸ் 11 சென்ரிமீற்றர்." அதைப் பார்க்கவென்றே கல்முனைப் பக்கமிருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் பூச்சியத்தாரைக் கண்டால் எழுந்து கதிரை கொடுப்பார்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஊர் வாசிகசாலைக்குப் பத்திரிகை வாசிக்கிற மேசை செய்ய ஓடாவி சாமித்தம்பியைப் பிடித்தார்கள். சாமித்தம்பியின் மர அடிமட்டம் நுனி தேய்ந்து முதல் இரண்டு சென்ரிமீற்றரும் அழிந்துபோன கிழட்டு அடிமட்டம். பூச்சியத்தார் போய்ப் பார்த்து, "பூச்சியம் இல்லாட்டியும் பயமில்ல. பத்தில வச்சு அளங்க, கடைசியில பத்தைக் கூட்டிக்கொள்ளுங்க. எண்பது வேணுமெண்டா தொண்ணூறில வெட்டுங்க," என்று சொல்லிக்கொடுத்தார். சாமித்தம்பி பத்தில் வைத்தார். எண்பதில் வெட்டினார். நாலு காலையும் அப்படியே வெட்டினார்.

மேசையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பத்திரிகை வாசிக்க முதுகை வளைக்க வேண்டியிருந்தது. வாசிகசாலைத் தலைவர் கோபத்தில் பூச்சியத்தாரைக் கூப்பிட்டார். இவர் வந்தார், மூத்தவரை எடுத்தார், நாலு காலையும் அளந்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"எழுபது, எழுபது, எழுபது, எழுபது. பிழைதான். ஆனா நாலும் ஒரே பிழை. ஆட்டிப் பாருங்க, ஆடுதா?"

ஆடவில்லை. இன்றைக்கும் ஆடவில்லை. எங்கள் ஊரில் அரசியல் தெரிந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் குனிந்து நடப்பதற்குக் காரணம் அந்த மேசைதான்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்ததற்குக் காரணம், இந்த இடத்தில் நான் வருகிறேன். வருகிற விதம் எனக்குப் பெருமை தருவதல்ல.

ஒருநாள் காலையில் பூச்சியத்தாருக்கு இடுப்பில் குத்து. மாமி அவரை மட்டக்களப்புக்கு டொக்டரிடம் காட்ட இழுத்துக்கொண்டு போனார். போகும்போது பூச்சியத்தார் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மருமகன், கடையைப் பாத்துக்கொள்ளு. கேட்டதை எல்லாம் குடு. அடிமட்டம் மட்டும் வேணாம். அது நான் வந்துதான் குடுப்பன்."

"ஓம் மாமா."

பதினொரு மணிவரை கொப்பி விற்றேன், பேனை விற்றேன், பசை விற்றேன். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் இறங்கி வந்து அடிமட்டம் ஒன்று கேட்டார். அவசரத்தில் இருந்தார், எஞ்சினைக்கூட நிற்பாட்டவில்லை. என் கடையில் போட்டோக் கொப்பி மெசின், தாள் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் பின்னேரம் வருவார், அப்போது வாருங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு அடிமட்டத்துக்கா? ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். பூச்சியம் எங்கே என்று கேட்கவில்லை. சிவப்புப் பொட்டும் இல்லை. அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் பூச்சியத்தார் வந்தார். சிறுநீரகத்தில் கல் என்றும், ஸ்கானில் ஆறு மில்லிமீற்றர் காட்டியது என்றும், இவர் டொக்டரிடம் "எந்த இடத்தில வச்சு அளந்தீங்க?" என்று கேட்டதற்கு அவர் ஏசித் துரத்திவிட்டார் என்றும் மாமி சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். பூச்சியத்தார் சிரிக்கவில்லை. அவர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காலையில் எத்தனை தொங்கியது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் கேட்குமுன், தாளைச் சரிசெய்கிற சாட்டில் நான் மெசினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழிந்தது. மழைக்காலம். ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில் மணலை வெட்டிவிட்டிருந்தார்கள். கடலிலிருந்து மீன் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம். எங்கள் ஆட்களுக்கு வருடத்தில் அந்தச் சில கிழமைகள்தான் உழைப்பு, மற்ற மாதமெல்லாம் அதை வைத்துத்தான் ஓடும். நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் புருசன், என் அத்தான், ஆற்றில் தொழில் செய்கிறவர். அந்த வருடம் புது வலை எடுத்திருந்தார். சும்மா எடுக்கவில்லை. வலைக்கண் சட்டத்தில் சொன்ன அளவுக்குக் குறையக்கூடாது என்று பயந்து, எடுக்குமுன் பூச்சியத்தாரையே கூட்டிக்கொண்டுபோய் இருபத்தைந்து கண் அளந்து பார்த்துத்தான் எடுத்தார். "ரெண்டு மில்லிமீற்றர் கூடவே இரிக்கி. பயப்படாம போடு," என்று பூச்சியத்தார் சொல்லியிருந்தார்.

வலை எடுத்த மூன்றாம் நாள் காலை தோணித்துறையில் புதிய மீன்பிடி அதிகாரி ஒருவர் வந்து வலைகளை அளந்தார். அத்தானின் வலையில் கண் மூன்று மில்லிமீற்றர் குறைவு. வலையைச் சாக்கில் கட்டி மீனவர் சங்கக் கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். மறுநாள் டவுனுக்குப் போகும், பிறகு வழக்கு. வழக்கு முடிய எத்தனை மாதமோ. அதற்குள் மீன் ஏறி முடிந்துவிடும். அக்கா அடுப்பு மூட்டவில்லை. அத்தான் முற்றத்தில் ஈரத் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நான் ஓடிப்போய்ப் பூச்சியத்தாரிடம் சொன்னேன்.

"மூணு குறைவா? ரெண்டு கூட இருந்ததே." அவர் முகம் கறுத்தது. பிறகு விரலை மடக்கினார். "ரெண்டும் மூணும் அஞ்சு." "மருமகன், அந்த ஆளு எந்த அடிமட்டத்தால அளந்த?"

அப்போதுதான் எனக்கு அந்த மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் சனம் நிறைந்துவிட்டது. ஆற்றுத் தொழிலாளிகள் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். அதிகாரி மேசையில் இருந்தார். பாவம், நல்ல பொடியன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். மேசையில் ஹெல்மெட் இருந்தது. எனக்கு ஆளைத் தெரியவில்லை, ஹெல்மெட்டைத் தெரிந்தது. நான் மெதுவாகத் தூணுக்குப் பின்னால் போனேன்.

"நான் சட்டப்படிதான் செய்யிறன்," என்றார் அதிகாரி. "எல்லாரும் பாக்க இன்னொருக்கா அளக்கிறன்." வலைக்கண்ணை இழுத்துப் பிடித்தார். ஒரு முடிச்சில் அடிமட்டத்தின் நுனியை வைத்தார். மற்ற முடிச்சில் வாசித்தார். மூன்று மில்லிமீற்றர் குறைவு. அத்தான் தலையைக் குனிந்தார்.

அப்போது வெளியே சைக்கிள் மணி கேட்டது. பூச்சியத்தார் வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, கைலேஞ்சியில் மூத்தவர். சண்டைக்கு வருகிறார் என்று எல்லாரும் நினைத்து வழி விட்டார்கள். அவர் மேசைக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சேர், ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"பூச்சியம் எங்க?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. என்ன இது என்பதுபோல் அடிமட்டத்தின் நுனியைத் தொட்டுக் காட்டினார்.

"அது ஓரம், சேர்!"

சொன்னது பூச்சியத்தார் இல்லை. கட்டடத்தில் நின்ற முழுச் சனமும் ஒரே குரலில் கத்தியது. கூரையில் இருந்த புறா பறந்தது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் எப்போதோ ஒருநாள் பிள்ளைக்கு அடிமட்டம் வாங்கப்போய் அதே இடத்தைத் தொட்டு அவமானப்பட்டவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவருக்கும் எங்கள் ஊரில் பூச்சியம் எங்கே என்று தெரியும். என் வாழ்க்கையில் என் ஊரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

அதிகாரி அடிமட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்திலிருந்து உள்ளே, அந்தச் சின்ன வெற்றிடத்துக்குப் பிறகு, முதல் கோடு. அவருடைய காது இரண்டும் சிவந்தன. பூச்சியத்தை முடிச்சில் வைத்துத் திரும்ப அளந்தார். பிறகு மூத்தவரை வாங்கி அதனாலும் அளந்தார். உருக்கு அடிமட்டத்தில் பூச்சியம் ஓரத்திலேயேதான் இருக்கும், அதையும் பூச்சியத்தார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பத்துக் கண் அளந்தார்கள். பத்தும் ரெண்டு மில்லிமீற்றர் கூட.

"என்ட பிழைதான்," என்றார் அதிகாரி எழுந்து நின்று. "வலையைக் கொண்டு போங்க. மன்னிச்சுக்கொள்ளுங்க." அப்படி எழுந்து நின்று சொன்னதற்காக எங்கள் ஊர்ச் சனம் அவரை இன்றுவரை நல்லவர் என்றுதான் சொல்கிறது. அத்தான் வலைச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டார். அக்கா வாசலில் நின்று அழுதார்.

இதோடு முடிந்திருந்தால் நான் தூணுக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன். ஆனால் அதிகாரி பலகையை வாசித்திருக்கிறார் போலும்.

"ஆனா ஐயா, இந்த அடிமட்டம் உங்கட கடையிலதான் வாங்கினன். சோதிச்சுத்தான் விக்கிறதெண்டு பெரிசா எழுதியிரிக்கி. என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லையே?"

அத்தான் சாக்கை இறக்கி வைத்தார்.

"ஆரு வித்த?" என்றார் அத்தான். "எந்த விசரன் வித்த? எங்கட வயித்தில அடிக்கப் பாத்தவன் ஆரு?"

"ஆளைச் சரியா ஞாபகம் இல்ல," என்றார் அதிகாரி. "கண்ணாடி போட்ட ஒராள்."

நான் உடனே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகைதான். சனம் ஒரு புகை, அத்தான் ஒரு புகை, மேசைக்கு முன்னால் வெள்ளையாக ஒரு புகை. அந்த வெள்ளை கையை நீட்டி அதிகாரியின் அடிமட்டத்தை வாங்கியது தெரிந்தது. பூச்சியத்தடியில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்திருப்பார். இல்லை என்று கண்டிருப்பார். அது அவர் விற்றது அல்ல என்றால், அன்றைக்குக் கடையில் இருந்தவன் யார் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே. என் பக்கம் திரும்பினாரா என்று சொல்ல முடியவில்லை. திரும்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

"நான்தான்," என்றது அவருடைய குரல். "இடுப்பு நோவு. அவசரத்தில சோதிக்காம வித்துப்போட்டன்."

"இல்லையே ஐயா, அது கொஞ்சம் இளமையான ஆள் மாதிரி…"

"ஹெல்மெட்டுக்குள்ளால பாத்தா எல்லாரும் இளமைதான், சேர்."

சனம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை, ஆனால் பூச்சியத்தாரை என்ன சொல்ல முடியும்? வலையைக் காப்பாற்றியவரும் அவர்தானே. சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் கண்ணாடியைப் போட்டபோது பூச்சியத்தார் சிவப்புப் பேனையால் அந்த அடிமட்டத்தில் பொட்டு வைத்து அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே ஒரு ஏணியை வைத்துப் பலகையைக் கழற்றினார். எடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. "இங்கு இருபத்தாறு வருடமாகச் சோதிக்காமல் ஒரு அடிமட்டமும் விற்றதில்லை" என்பதற்குக் கீழே, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, அதே நீலப் பெயின்றில், இரண்டு சொல் சேர்த்து எழுதித் திரும்பவும் மாட்டினார்.

"ஒன்றைத் தவிர."

ஊர் விடுமா? தேத்தண்ணிக் கடையில், "என்ன மாமா, நீங்களும் சோதிக்காம வித்தீங்களாமே," என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் பகிடி பண்ணினார்கள். "ஒன்பது, ஒன்பது" என்று கதவைத் தட்டிய அதிபர் வேண்டுமென்றே வந்து பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார். பூச்சியத்தார் றோல்ஸை அளந்தார், கடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலாம் நாள் தட்டியைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, நான் அத்தானிட்ட சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"அண்டைக்கு வித்தது…"

அவர் ஆணியிலிருந்து ஒரு அடிமட்டத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "பூச்சியம் எங்க?"

காட்டினேன்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில?"

"ஒன்பது."

பொட்டு வைத்து என்னிடம் தந்தார். "இப்ப சரி. நீ அக்காட வீட்டில சோறு தின்னுற ஆள். அங்க சண்டை வந்தா எங்க போவ? எனக்கு முப்பது வருசமா மாமிட ஏச்சு கேட்டுப் பழக்கம். மறுகா இந்தக் கதையை எடுக்காத."

எடுக்கவில்லை. வெட்கம் பாதி, பயம் பாதி, அவர் சொல்லைத் தட்டக்கூடாது என்பது மீதி. பிறகு டவுனுக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போனபோது பலகையில் இருபத்தாறை அழித்து முப்பத்தொன்று ஆக்கியிருந்தார். கீழே அந்த இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன. அதற்கு மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார். ஒரு மில்லிமீற்றர்கூடப் பொய் சொல்லாத மனிதர், எனக்காகச் சொன்ன ஒரே பொய்யை மழைக்கு அழியாமல் பார்த்துக்கொள்கிறார்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை அவர் வாசிப்பார். முதலில் பத்தியின் அகலத்தை அளப்பார், பிறகுதான் வாசிப்பார், பிறகு எனக்கு ஃபோன் எடுத்து ஏசுவார். அக்காவும் வாசிப்பார், அத்தானும் வாசிப்பார். வாசிக்கட்டும். இனி எனக்குச் சோறு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மாமா, ஏணியை எடுங்க. அந்த ரெண்டு சொல்லையும் அழிச்சிருங்க. அண்டைக்கு அடிமட்டம் வித்தது நான்தான்.